ஏரிப் பாசன நிலத்தில் மனைப்பிரிவு: ஆட்சேபணை மனுவை எப்படி எழுதுவது?

கேள்வி: எங்கள் ஊர் செங்கல்பட்டு மாவட்டத்தின் தெற்குக் கோடியில் இருக்கிறது. பெரிய ஏரியின் ஆயக்கட்டில் 18 ஏக்கர் நஞ்சையை ஒரு நிறுவனம் வாங்கி மனை போடுகிறது. ரோட்டை ஒட்டி முன்பக்கம் கடைகளும் ஒரு கல்யாண மண்டபமும் வருமாம். கல் நட்டுவிட்டார்கள், கொடியும் கட்டிவிட்டார்கள். மதகிலிருந்து வரும் வாய்க்கால் அந்த நிலத்தின் நடுவே ஓடித்தான் கடைமடையில் உள்ள என் ஒன்றரை ஏக்கருக்கும் இன்னும் நாற்பது குடும்பங்களின் நிலத்துக்கும் தண்ணீர் வரும். இப்போது அதை மூடிவிட்டார்கள். ‘எங்கள் ஊருக்கு மனைப்பிரிவு வேண்டாம்’ என்று முந்நூறு பேர் கையெழுத்துப் போட்டு ஆட்சியரிடம் மனு கொடுத்தோம். மூன்று மாதமாகப் பதில் இல்லை. கிராம சபையில் தீர்மானம் போட்டால் நின்றுவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஊர் இரண்டாகிவிட்டது. என் மைத்துனரே இரண்டு ஏக்கரை விற்றிருக்கிறார், அவரோடு பேச்சு நின்றுவிட்டது. எங்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்கிறார்கள். இதை நிறுத்த வழி உண்டா?

பதில்: வணக்கம் ஐயா. நகர் ஊரமைப்புத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்களைப் போன்றவர்கள் கொடுக்கும் மனுக்கள் வந்து சேரும் மேசையில் உட்கார்ந்திருந்தவன். அதனால் பூசி மெழுகாமல் சொல்கிறேன். பட்டா நிலத்தை விற்றவரும் வாங்கியவரும் சம்மதித்துச் செய்த விற்பனையை ‘வேண்டாம்’ என்று சொல்லி நிறுத்துவது மிகக் கடினம். ஆனால் வாய்க்காலை மூடியதை நிறுத்த முடியும். அதைச் சரியாகச் செய்தால் அந்த மனைப்பிரிவின் வரைபடமே மாறும். சில சமயம் கணக்குக் கட்டுப்படியாகாமல் நிறுவனமே விலகிப் போவதும் உண்டு.

உங்கள் மனுவுக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்கிறேன். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கோட்டாட்சியருக்கு, அங்கிருந்து வட்டாட்சியருக்கு, அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளர் வழியாகக் கிராம நிர்வாக அலுவலருக்குப் போயிருக்கும். அவர் என்ன எழுதுவார்? மனுவில் சர்வே எண் இல்லை, வாய்க்கால் என்ற சொல்லும் இல்லை. ‘மேற்படி நிலம் பட்டா நிலம், தனியாருக்குச் சொந்தமானது’ என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருப்பார். அவர் எழுதியது பொய்யும் இல்லை. முந்நூறு கையெழுத்தும் அந்த ஒரு வரியோடு முடிந்துபோயிருக்கும். ஒரு தவறைச் சுட்டி, அது எந்தச் சர்வே எண்ணில் நடந்தது என்று எழுதினால், அதற்கு யாராவது ஒருவர் ஆம் என்றோ இல்லை என்றோ கையெழுத்திட்டுப் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் அடுத்த மனு அப்படி இருக்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஊர் ஏதாவது திட்டப் பகுதிக்குள் வருகிறதா? சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி 2022-ல் அரசாணை வந்தது. பல கிராமங்கள் தங்களுக்கே தெரியாமல் அதற்குள் போய்விட்டன. திட்டப் பகுதிக்குள் இருந்து, முழுமைத் திட்டத்தில் உங்கள் நஞ்சை விவசாய மண்டலம் என்று குறிக்கப்பட்டிருந்தால், முதலில் நில உபயோக மாற்றம் வாங்க வேண்டும். அதற்கு நாளிதழில் அறிவிப்புப் போட்டு ஆட்சேபணை கேட்பார்கள். எத்தனை நாளுக்குள் எழுத வேண்டும் என்று அதிலேயே இருக்கும். அந்தச் சின்ன விளம்பரத்தை ஊரில் யாரும் பார்ப்பதில்லை. பார்த்து எழுதியவர்களின் ஆட்சேபணையைக் கோப்பில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

திட்டப் பகுதிக்கு வெளியே என்றால் 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவு பொருந்தும். விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற உள்ளாட்சியின் அனுமதி வேண்டும், அதற்கு முன் நகர் ஊரமைப்பு இயக்குநரின் இசைவு வேண்டும். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் பரிந்துரையும் வேளாண்மை இணை இயக்குநரின் கருத்தும் கோப்பில் இருக்க வேண்டும். ஏரி, வாய்க்கால் சம்பந்தப்பட்ட இடம் என்பதால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றையும் கேட்பார்கள். பக்கத்து நிலத்துக்காரரான உங்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று இந்த நடைமுறையில் எங்கும் சொல்லப்படவில்லை. இதை ஒரு பெரிய குறை என்றே நான் நினைக்கிறேன், பணியில் இருந்தபோதும் சொல்லியிருக்கிறேன். அதனால் நீங்களாகவே தேடிப் போக வேண்டியிருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். இன்ன சர்வே எண்களில் மனைப்பிரிவுக்கு விண்ணப்பம் வந்திருக்கிறதா, நில உபயோக மாற்றம் தரப்பட்டதா, நீர்வளத் துறை என்ன எழுதியது, எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘விண்ணப்பமே வரவில்லை’ என்று பதில் வந்தால், அதுவே உங்களுக்குப் பெரிய ஆவணம்.

ஏனென்றால், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு அடுத்த மாதம், அப்படிப்பட்ட பதிவைத் தடுக்கும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் நடைமுறைக்கு வந்தது. இன்னொன்று, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது, முன்பணமும் வாங்கக்கூடாது. மீறினால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். கொடி கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே விளம்பரப் பலகை வைத்திருந்தால், அதில் ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தேதி தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

இனி வாய்க்காலுக்கு வருவோம்.

ஒரு ஐப்பசி மாதம், ஒரு மனைப்பிரிவை ஆய்வு செய்யப் போயிருந்தேன். புல வரைபடத்தில் வாய்க்கால் இருந்தது, தரையில் இல்லை. செம்மண் கொட்டி ரோலர் ஓட்டியிருந்தார்கள். ‘இங்கே எப்போதுமே வாய்க்கால் கிடையாது சார்’ என்றார் நிறுவனத்தின் ஆள். ஊரின் நீர்கட்டி, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடுபவர், ஒருவர் கூட வந்திருந்தார், எழுபது வயது இருக்கும். அவர் எதுவும் பேசவில்லை. மதகடிக்குப் போய் நின்று, அங்கிருந்து தப்படி வைத்து எண்ணிக்கொண்டே நடந்து வந்தார். ஓர் இடத்தில் நின்று மண்வெட்டியால் முழங்கால் ஆழத்துக்கு வெட்டினார். மேலே சிவப்பு மண், அதற்குக் கீழே கறுப்பு வண்டல். வண்டலில் நத்தை ஓடுகள் கிடந்தன. கொஞ்ச நேரத்தில் குழிக்குள் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. வரைபடத்தை விரித்துச் சங்கிலி பிடித்து அளந்தோம். அவர் வெட்டிய குழி வாய்க்காலின் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்தது. வாய்க்காலை முழு அகலத்துக்கும் திறந்துவிட்டு, திருத்திய வரைபடத்தோடு வந்தால் மட்டுமே பரிசீலிக்கலாம் என்று அன்று கோப்பில் எழுதினேன். நான்கு வரிக் குறிப்புதான். அந்த வரிகளை எழுத எனக்குத் துணிவு தந்தது அந்தப் பெரியவர் வெட்டிய குழி.

உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் அதற்கு முன் கையில் காகிதம் வேண்டும். கிராம வரைபடம், அந்த 18 ஏக்கருக்கான புல வரைபடங்கள், ஒவ்வொரு சர்வே எண்ணின் வகையும் உரிமையாளரும் எழுதியிருக்கும் அ பதிவேட்டின் நகல், மூன்றையும் வாங்குங்கள். அ பதிவேட்டில் வாய்க்கால் தனி சர்வே எண்ணாகவோ உட்பிரிவாகவோ ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று இருந்தால், உங்கள் கை ஓங்கிவிட்டது என்று அர்த்தம். அதை யாரும் விற்றிருக்க முடியாது, வாங்கியிருக்கவும் முடியாது. அளந்து காட்டுவதும் அடைப்பை எடுப்பதும் வட்டாட்சியரின் கடமை. நீர்நிலைப் புறம்போக்குகளைக் காக்கச் சொல்லி 2005-ல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும், ஊர்ப் பொது நிலங்களைப் பற்றி 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் உங்கள் மனுவில் ஒரு வரியாவது வரட்டும்.

இப்போதைய பதிவேட்டில் காணவில்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்புக் கணக்கெடுப்பில் பல தவறுகள் நேர்ந்தன. புறம்போக்கு பட்டாவோடு சேர்ந்துபோனதும் உண்டு. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் காலத்துப் பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையில் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதிலும் இல்லை, பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும் வாய்க்கால்தான் என்றாலும் உங்களுக்கு உரிமை உண்டு. 20 ஆண்டுகளுக்கு மேல் தடையில்லாமல், உரிமையோடு தண்ணீர் கொண்டுபோயிருந்தால் 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் அதைக் காக்கிறது. அதற்கு உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்க வேண்டும், வருவாய்த் துறை மனு போதாது. இங்கே ஆதாரம் என்ன தெரியுமா? விற்றவர்களின் பழைய பத்திரங்கள். ‘வடக்கே வாய்க்கால்’, ‘வாய்க்கால் பாத்தியம் உள்பட’ என்று நான்கெல்லையில் எழுதியிருக்கும். உங்கள் மைத்துனரின் அப்பா காலத்துப் பத்திரம் எங்கே இருக்கிறது? மூலப்பத்திரத்தை நிறுவனம் வாங்கிக்கொண்டு போயிருந்தாலும், அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஜெராக்ஸ் ஒன்று கிடக்கும். அதுவும் இல்லையென்றால் பத்திர எண்ணும் வருடமுமாவது அவருக்குத் தெரியும். அதை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எடுத்துவிடலாம்.

அதனால் நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் ஆட்சியர் அலுவலகம் இல்லை, மைத்துனரின் வீடு. அவர் ஏன் விற்றார் என்று ஒரு தடவையாவது உட்கார்ந்து கேட்டீர்களா? கடைமடைக்குத் தண்ணீர் வராத வருடங்கள் எத்தனை, நடவுக்கு ஆள் கிடைக்காதது, நெல் விலை, பெண்ணின் கல்யாணக் கடன் என்று விற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். விற்பது அவர் உரிமை. வாய்க்காலை மூடும் உரிமையை அவர் விற்கவில்லை, அவரிடம் அது இருந்ததும் இல்லை. இந்த வித்தியாசத்தை அவரிடமே சொல்லிப் பாருங்கள். மனுவில் விற்றவர்களைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாதீர்கள்.

கிராம சபையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம் நடக்கிறது. பட்டா நிலத்து மனைப்பிரிவைத் தடுக்கும் அதிகாரம் கிராம சபைத் தீர்மானத்துக்குச் சட்டத்தில் இல்லை. கிராம சபைகள் சுரங்கத்தை நிறுத்திய ஒடிசாவின் நியமகிரி மலையை உதாரணம் காட்டுவார்கள். அது 2013-ல் வன உரிமைச் சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, உங்கள் நஞ்சைக்குப் பொருந்தாது. அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானதற்குக் கிராம சபைத் தீர்மானங்களும் ஒரு காரணம்தான், ஆனால் அதைச் சாதித்தது மக்கள் அழுத்தம். பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் தீர்மானத்துக்கு மேல் தீர்மானமாகப் போட்டதையும் பார்த்தோம். தீர்மானம் போட்டதும் கைகட்டி உட்கார்ந்துவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். என்றாலும் போடுங்கள், குறிப்பாகப் போடுங்கள். ‘இன்ன சர்வே எண் வாய்க்காலை அளந்து எல்லைக்கல் நட வேண்டும், அதுவரை மனைப்பிரிவுக்கு ஊராட்சி எந்த அனுமதியும் தரக்கூடாது, சாலை, பூங்காவுக்கான தானப் பத்திரத்தை ஏற்கவும் கூடாது’ என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள், நகலும் வாங்குங்கள். துறை தருவது தொழில்நுட்ப ஒப்புதல். அதன் பிறகு சாலையையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்துத்தான் இறுதி அனுமதி வாங்குவார்கள். அந்த இடத்தில் ஊராட்சியின் குரலுக்கு மதிப்பு உண்டு.

பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஏன் நடத்தவில்லை என்று சிலர் கொதிப்பார்கள். 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையில் கட்டுமானத் திட்டங்களுக்கு அந்தக் கூட்டத்திலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அந்த வழியில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

அடுத்ததாக, கொஞ்சம் சங்கடமான விஷயம். நான் படித்த ஆட்சேபணை மனுக்களில் என்னை வெட்கப்பட வைத்தவையும் உண்டு. ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கு இலவச வீட்டுமனை கொடுக்க நிலம் எடுப்பார்கள். உடனே ‘ஏரி பாதிக்கப்படும், மேய்ச்சல் போய்விடும்’ என்று ஊர்ப் பெரியவர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள். போய்ப் பார்த்தால் ஏரி ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அதே ஊர், வசதியானவர் வாய்க்காலை மறித்துக் களம் கட்டியபோது வாய் திறந்திருக்காது. உங்கள் மனு அந்த வகை இல்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஆனால் ‘வெளியாட்கள் வந்தால் ஊர் கெட்டுப்போகும்’ என்று யாராவது ஒரு வரி சேர்க்கச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அங்கே மனை வாங்கப் போகிறவர், வாடகை வீட்டில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு நகையை விற்று ஒரு கிரவுண்டு வாங்கும் தாம்பரத்துக் குடும்பமாக இருக்கும். அவர் உங்களுக்கு எதிரி இல்லை.

சொல்லப்போனால் வாய்க்காலை மூடியதால் உங்களுக்கு அடுத்தபடி ஏமாறப் போகிறவர் அவர்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். நானும் அந்தத் தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். வீட்டுச் சுவர்களில் மின்விசிறிக்கு அருகே சேற்றுக் கோடு இருந்தது. ஒரு வீட்டு வாசலில் கல்யாண ஆல்பத்தைப் பிரித்துப் படம் படமாக வெயிலில் காயப்போட்டிருந்தார்கள். தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடித்தான் வந்தது. முகப்பேரில் அரசே ‘ஏரித் திட்டம்’ என்று பெயர் வைத்து வீட்டுமனை போட்ட காலம் உண்டு, அதனால் குற்றம் தனியாருடையது மட்டும் இல்லை. உங்கள் வாய்க்கால் கோடையில் பாசனம் தருகிறது, மழையில் வடிகாலாகிறது. மனுவில் இந்த இரண்டையும் எழுதுங்கள். வளர்ச்சிக்கு எதிரி என்று சொல்பவர்களிடமும் இதையே சொல்லுங்கள்.

நிலம் மாறுவது உறுதி என்று தெரிந்தால் என்ன கேட்கலாம் என்பதையும் இப்போதே ஊரில் பேசி வையுங்கள். 18 ஏக்கர் என்றால் ஏறக்குறைய 72,800 சதுர மீட்டர். 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது உபயோகத்துக்கு நிலமாகவே ஒதுக்க வேண்டும், பணமாகக் கட்டித் தப்ப முடியாது. சாலைக்கு மூன்றில் ஒரு பங்கு போனாலும் ஒரு ஏக்கருக்கு மேல் வரும். வழக்கமாக அதை விற்க முடியாத பள்ளத்து மூலையில் தள்ளிவிடுவார்கள். உங்கள் ஊரில் அதை வாய்க்கால் கரையை ஒட்டி நீளவாக்கில் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். கரைக்கும் பாதுகாப்பு, வாய்க்காலைத் தூர்வார வண்டி போகவும் இடம் கிடைக்கும். சாலை வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் ஒற்றைச் சிமெண்ட் குழாய் போட்டு மூடாமல், முழு அகலத்துக்கும் சிறுபாலம் கட்டச் சொல்லுங்கள். குழாய் இரண்டு மழைக்குள் அடைத்துக்கொள்ளும். கல்யாண மண்டபத்தின் சமையல் கழிவுநீரும் கடைகளின் கழிப்பறை நீரும் எங்கே போகும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது ஏரிக்கோ வாய்க்காலுக்கோதான் வரப்போகிறது.

செய்யக்கூடாதவையும் இருக்கின்றன. ராத்திரியில் போய்க் கல்லைப் பிடுங்காதீர்கள். மறுநாள் காலை உங்கள் பிள்ளைகள் மீது வழக்கு இருக்கும், வாய்க்கால் பேச்சு அதோடு அமுங்கிவிடும். கோயில் கும்பாபிஷேகத்துக்கு நிறுவனம் பணம் தருகிறது என்று ஊர்க் கமிட்டி வந்து சொன்னால், அந்தக் கூட்டத்தில் எழுந்து, சாமி காரியத்தையும் தண்ணீர் காரியத்தையும் கலக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பல ஊர்களில் ஆட்சேபணை நின்றுபோன இடம் அதுதான். வெற்றுத் தாளில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

புது மனுவை ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். சர்வே எண், வாய்க்காலின் வகைப்பாடு, எந்த நாளில் மூடப்பட்டது, எத்தனை ஏக்கர் காய்கிறது, என்ன செய்ய வேண்டும், அவ்வளவு போதும். புல வரைபட நகலில் மூடிய இடத்தைச் சிவப்பு மையால் குறித்து இணையுங்கள். கையெழுத்துப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேராகப் பாசன நிலத்தின் சர்வே எண்ணைப் போடுங்கள். அப்படிப்பட்ட நாற்பது கையெழுத்து உங்கள் பழைய முந்நூறைவிடக் கனமானது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் அதே மனுவை எழுப்புங்கள். நீர்வளத் துறை அதிகாரியும் அதே அறையில் உட்கார்ந்திருப்பார். ஜமாபந்தி, அதாவது வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை, நெருங்கினால் அங்கேயும் கொடுங்கள்.

இதற்கும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அல்லது சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு. தீர்ப்பாயத்துக்குக் காலக்கெடு உண்டு. பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள். உங்களுக்கு ஏற்கெனவே மூன்று மாதத்துக்கு மேல் போய்விட்டது, நாளை எண்ணிக்கொண்டே இருங்கள்.

மழைக்கு முன் அளவீடு நடந்தால் நல்லது. சர்வேயர் வரும் தேதி தெரிந்ததும் நீர்கட்டியிடம் சொல்லி வையுங்கள், மைத்துனரையும் கூட அழைத்துப் போங்கள். பழைய பத்திரத்தின் நகலை இரண்டாக எடுத்து, ஒன்றை அவர் கையிலேயே கொடுத்து வையுங்கள். ‘வடக்கே வாய்க்கால்’ என்ற வரியை அவரே சர்வேயரிடம் படித்துக் காட்டட்டும்.